தம்பி போட்ட படம் எனக்கு வரவில்லை

1

நாங்கள் மாண்ட்ரியலில் வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்த ஊரை மொன்றியல் என்பார்கள். நான் சென்னைப் பக்கத்துப் பட்டாபிராமில் வளர்ந்தவள், எனக்கு மாண்ட்ரியல்தான். வந்த அன்று வாடகை வீட்டில் அடுப்பு வேலை செய்யவில்லை. மெட்ரோ நிலையத்துக்கு எதிரில் இருந்த கோழிக் கடையில் சாப்பிட்டோம். அதிலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் அதே தேதியில் அந்தக் கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. கோயிலுக்குப் போகிற மாதிரி என்று என் கணவர் சொல்வார். கோயிலில் இவ்வளவு எண்ணெய் இருக்காது.

அந்தக் கடையில்தான் நான் பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். அரசாங்கம் நடத்திய வகுப்புக்கும் போனேன், சான்றிதழும் வாங்கினேன். ஆனால் வாயைத் திறக்கவைத்தது கல்லாவில் நின்ற ஜோசலின் என்ற ஹெய்ட்டிக்காரப் பெண்மணி. நான் தப்பாகச் சொன்னால் திருத்துவார், சரியாகச் சொல்லும்வரை ரொட்டியைக் கொடுக்க மாட்டார். ஒருமுறை இன்னொரு துண்டு கோழி வேண்டுமா என்று கேட்டார். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, அகராதியில் 'நிறைந்த' என்பதற்கு இருந்த சொல்லைப் போட்டு, "ஜ ஸுயி ப்ளேன்" என்றேன். பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. நான் சினையாக இருக்கிறேன் என்று அறிவித்திருக்கிறேன். அந்தச் சொல்லைப் பசு மாட்டுக்குத்தான் சொல்வார்களாம். ஜோசலின் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு தடவை, மெதுவாக" என்றார்.

இந்த ஜனவரியில் போனபோது கல்லா இல்லை. ஆள் உயரத்துக்கு நான்கு தொடுதிரைகள் நின்றன. ஜோசலின் எங்கே என்று கேட்க ஆள் தேடினேன். உள்ளே இருந்து தட்டை நீட்டிய பையனுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. நாங்கள் வழக்கமாக வாங்கும் மிளகு போட்ட ரொட்டியும் திரையில் இல்லை. அந்த இடத்தில் தேன் தடவிய ஏதோ ஒன்று இருந்தது.

"இதெல்லாம் யார் கேட்டாங்க?" என்று நான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் நிறுத்தாமல் பேசினேன் போலிருக்கிறது.

என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். திரையில் விரலை வைத்தபடியே, "அம்மா, நீ இப்போ உன் கஸ்டமர்ஸ் மாதிரியே பேசுற" என்றாள்.

அவள் சொன்னது சரி. துணி துவைக்கும் இயந்திரமும் குளிர்பெட்டியும் விற்கும் ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை. கோபமாக எழுதுகிறவர்களுக்குப் பணிவாகப் பதில் எழுத வேண்டும். 'உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது' என்று தொடங்கி, 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்தவே இந்த மாற்றம்' என்று முடிக்க வேண்டும். இரண்டு மொழிகளிலும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். கீழே என் பெயர் மதாம் ஏகாம்பரம் என்று போகும். மாண்ட்ரியல் இருக்கும் கெபெக் மாநிலத்தில் கல்யாணமானாலும் பெண்ணின் பெயர் மாறாது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் பின்னால் இருப்பதால், செல்வி என்கிற என்னை இங்கே எல்லாரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பட்டாபிராமில் மிலிட்டரி சைடிங் ரயில் நிலையம் பக்கம் குமாஸ்தாவாக இருந்த ஏகாம்பரத்திடம், ஒரு பிரெஞ்சுக்காரர் தம் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றித் தினமும் முறையிடுகிறார்.

2

சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது என் கோபம் கோழிக் கடையிலிருந்து கைபேசிக்குத் தாவியது. படங்கள் போடும் ஒரு செயலி இருக்கிறது. பெயர் வேண்டாம், எல்லாருடைய கையிலும் இருப்பதுதான். அதையும் மாற்றிவிட்டார்கள். முன்பு திறந்தால் தெரிந்தவர்கள் வருவார்கள். இப்போது திறந்தால் யார் யாரோ ஆடுகிறார்கள், சமைக்கிறார்கள், மரம் வெட்டுகிறார்கள். போன கோடையில் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்துக்குப் புகார் எழுதினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது.' அடுத்த வரியை நான் படிக்காமலே சொல்லியிருப்பேன்.

எனக்கு அந்தச் செயலியில் வேறு வேலை எதுவும் கிடையாது. என் தம்பி சேகர் ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் போடுவான், நான் அதற்கு ஒரு இதயக்குறி போடுவேன். அவ்வளவுதான். அதற்காகத்தான் வைத்திருந்தேன்.

சேகர் என்னைவிட ஆறு வயது சிறியவன். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். அம்மா இறந்த மறு வருடம் பட்டாபிராம் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டரிடம் கொடுத்துவிட்டு, கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னான்.

"ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாடா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றேன்.

"நீ அங்க கீற. இங்க மழ பேஞ்சா கூரை ஒழுவுது, கரண்டு ஷாக் அடிக்குது. அத்தெல்லாம் உனுக்கு எங்க தெரியும்?" என்றான்.

பிறகு இரண்டு பேரும் சொல்லக்கூடாத சிலவற்றைச் சொன்னோம். தொலைபேசியை வைத்தோம். அதன்பின் நான்கு வருடமாகப் பேசவில்லை. அவன் பூந்தமல்லியை ஒட்டிய பாரிவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிபோனதுகூட அத்தை மகள் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் சண்டை போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அந்தச் செயலியில் ஒரு படம் போட்டான். சில்வர் தட்டில் முட்டை நூடுல்ஸ், இரண்டு ஸ்பூன். கீழே ஒரு வார்த்தையும் இல்லை.

பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு வெளியே தாஸ் அண்ணன் என்று ஒருவர் ஃபாஸ்ட் ஃபுட் வண்டி போட்டிருந்தார். நான் கல்யாணத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை ரயில் விட்டு இறங்கினால் சேகர் பள்ளிக்கூட டிராயரோடு அங்கே நிற்பான். ஒரு பிளேட் முட்டை நூடுல்ஸ், இரண்டு ஸ்பூன். வீட்டில் தெரிந்தால் அப்பா திட்டுவார் என்பதால் வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் போவோம். அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இதயத்தை அழுத்தினேன். அடுத்த ஞாயிறு இன்னொரு தட்டு. அதற்கும் அழுத்தினேன். நான்கு வருடம் இப்படியே போயிற்று. சண்டையும் தீரவில்லை, உறவும் விடவில்லை.

போன ஆடி மாதத்துக்கு அப்புறம் படம் வருவது நின்றுவிட்டது. ஒரு வாரம் ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனதும் என்னை நீக்கிவிட்டான் என்று முடிவு கட்டினேன். செயலி மாறியதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவனாகத் தொடங்கினான், அவனாக முடித்துக்கொண்டான், இதில் நான் போய்க் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று எழுதுவது எளிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்தால் கை தானாகக் கைபேசிக்குப் போகும். யாரோ ஒருத்தி ஆடிக்கொண்டிருப்பாள்.

3

அன்று மெட்ரோவில் இதையெல்லாம் இனியாவிடம் சொல்லவில்லை. "மாமா முன்னாடி படம் போடுவான், இப்ப போடறதில்ல" என்று மட்டும் சொன்னேன்.

அவள் என் கைபேசியை வாங்கினாள். எங்கேயோ தட்டினாள், பெயரை அடித்தாள், திருப்பிக் காட்டினாள். "போட்டுட்டேதான் இருக்கார், அம்மா. நீ அவர் பேஜுக்குப் போய்ப் பாக்கணும். தானா வராது இப்போ."

அவன் என்னை நீக்கவில்லை. வரிசையாகப் படங்கள் இருந்தன. புதியது மேலே, பழையது கீழே.

முதலில் இருந்தது ஒரு ஊன்றுகோல். கதவோரம் சாய்த்து வைத்திருந்தது. யாருடையது என்று புரியவில்லை. அதற்குக் கீழே ஒரு ஜன்னல். எதிர் மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேலே வானம். அடுத்த படமும் அதே ஜன்னல். அதற்கு அடுத்ததும் அதுவே. ஒன்றில் மழை, ஒன்றில் வெயில், ஒன்றில் தொட்டிமேல் காக்கை. மாமா ஏன் இதையே எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று இனியா கேட்டாள். நான் கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஜன்னல்கள் முடிந்த இடத்தில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டில் பெயர் எழுதிய பட்டை, புறங்கையில் ஊசி, அதிலிருந்து குழாய். சேகரின் கை. கட்டைவிரல் நகத்தில் சின்ன வயசில் கதவு நசுக்கிய வடு இருக்கும்.

செப்டம்பர் மாதத்துப் படம் அது. அதற்குக் கீழே நிறையப் பேர் நலம் விசாரித்திருந்தார்கள். அத்தை மகள், அவன் கிடங்கு ஆட்கள், பட்டாபிராமில் எதிர் வீட்டில் இருந்தவர்கள். என் பெயர் இல்லை.

அதற்கும் கீழே நூடுல்ஸ் படங்கள். தட்டு போய், மூடி போட்ட காகிதக் கிண்ணம் வந்திருந்தது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒரு படத்துக்குக் கீழே எழுதியிருந்தான். 'இப்ப இதுலதான் குடுக்குறானுங்க.' யாருக்காக எழுதியிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வரியும் எனக்கு வரவில்லை.

இறங்க வேண்டிய நிலையம் தாண்டிப் போயிருந்தது. இனியா என் தோளைத் தொட்டு, "அம்மா, அவர் ஓகேதான். ஸ்டிக் படம் புதுசு. நடக்கிறார்னு அர்த்தம்" என்றாள். எனக்கு அந்த வரிசை அவள் சொன்ன பிறகுதான் நேரானது.

4

மறுநாள் காலையில் அழைத்தேன். சேகர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது அவன் மனைவி மாலா எடுத்தாள்.

"நல்லா கீறீங்களா அண்ணி?" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. பால்காரரிடம் பேசுகிற குரல்.

"சேகருக்கு என்ன ஆச்சு?"

"இப்பதான் கேக்குறீங்க."

"எனக்குத் தெரியாது மாலா. நேத்துதான் பாத்தேன்."

"அவருதான் போட்டாரே. ஊருக்கே தெரியும். நீங்களும் பாத்திருப்பீங்க, பாத்துட்டு சும்மா கீறீங்கன்னு நெனச்சிகினோம்." பிறகு சொன்னாள். ஆவடி ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி ஒதுக்கியதில் பைக்கோடு விழுந்திருக்கிறான். வலது காலில் எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் படுக்கை.

"அந்தப் பக்கம் எதுக்குப் போனான்? கிடங்கு செம்பரம்பாக்கத்துல ஆச்சே?"

"நூடுல்ஸ் வாங்கத்தான். பூந்தமல்லியில இல்லாத ஃபாஸ்ட் ஃபுட்டா? பட்டாபிராம்லதான் வாங்கணும்னுவாரு. எதுக்கு அவ்ளோ தூரம்னு கேட்டா, அக்கா பாக்கும்னு சொல்வாரு."

அவனைப் பேசச் சொல் என்று கேட்டேன். "கூப்ட்டேன் அண்ணி, கையாலயே வேணாங்குறாரு" என்றாள்.

நேரில் போவது என்று அன்றே முடிவெடுத்தாலும் மார்ச் மாதம்தான் போக முடிந்தது. கனடா கடவுச்சீட்டைப் புதுப்பித்தபோது எடுத்த புகைப்படமும் இந்தியாவுக்குள் வருவதற்கான அட்டையிலுள்ள புகைப்படமும் ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு விதி. இரண்டிலும் இருப்பது நான்தான் என்று நானே எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பி, அதைப் பார்ப்பவர் பார்த்து, திரும்பி வரப் பனியே உருகத் தொடங்கிவிட்டது. இனியா வரவில்லை. பரீட்சை என்றாள். பரீட்சை இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டாள். அவளுக்குச் சென்னை என்பது கொசுவும் கேள்வி கேட்கும் உறவினர்களும்தான்.

சென்னை விமான நிலையத்தில் முத்திரை குத்திய அதிகாரியிடம் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில், "மெர்சி" என்றேன். பிரெஞ்சில் நன்றி.

அவர் கடவுச்சீட்டை மறுபடி வாங்கிப் பார்த்தார். "இதுல செல்வின்னு போட்டிருக்கு. மெர்சி யாரும்மா?"

5

பாரிவாக்கத்தில் சேகரின் ஃப்ளாட் இரண்டாம் மாடியில். லிஃப்ட் உண்டு என்று விளம்பரத்தில் இருந்ததாம், அதற்கான குழி மட்டும் இருந்தது. கால் உடைந்தவன் இந்தப் படிகளை எப்படி ஏறினான் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். மாலா கதவைத் திறந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். கூடத்தில் அந்த ஜன்னல் இருந்தது. எதிர் மாடியில் அந்தக் கறுப்புத் தொட்டியும் இருந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது.

உள்ளறையிலிருந்து சேகர் வந்தான். கோலை ஊன்றி, வலது காலைக் கொஞ்சம் வெளியே வீசி வைத்து வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. நான் கடைசியாகப் பார்த்தது அம்மாவின் காரியத்தில். அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அவன் சாப்பிடப் போகிற தட்டைத்தான், அவனை இல்லை. அது அப்போதுதான் உறைத்தது.

"வா" என்றான். நாற்காலியைக் காட்டினான். டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்தான். டிவி ஓடவில்லை.

மாலா காபி கொடுத்தாள். பிள்ளைகள் டியூஷன் போயிருப்பதாகச் சொன்னாள். பிறகு மொட்டை மாடியில் துணி காய்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்ல."

"எனக்குத் தெரியாதுடா. உன் படம் எனக்கு வரல."

"ம்."

"நிஜமாத்தான் சொல்றேன். அந்த ஆப்பை மாத்திட்டாங்க. நீ போடறது எனக்கு வர்றதில்ல."

அவன் இப்போதுதான் என்னைப் பார்த்தான். "ஆவடில கீறவனுக்கு வருது. துபாய்ல கீற எதிர் ஊட்டு பாஸ்கருக்கு வருது. ஆஸ்பத்திரில என்னைப் பாத்த நர்ஸுக்கு வருது. உனுக்கு மட்டும் வர்லியா?"

அந்த நிறுவனம் யாருக்கு எதைக் காட்டுகிறது என்று அந்த நிறுவனத்துக்கே தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் கேட்கிறவனுக்கு அது சாக்குப்போக்காகத்தான் தெரியும். வேலையில் நான் தினமும் பார்ப்பதுதான். உண்மையான காரணத்தைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

"படுத்துகினே கீறப்போ ஃபோனைத்தான் பாத்துகினு இருப்பேன்" என்றான். "எல்லாம் ஹார்ட்டு போட்டாங்க. நீ போடல. சரி, ஊட்டு விஷயத்துல கோவம்னா கோவம்தான். ஆனா காலு ஒடிஞ்சி கெடக்குறேன். அதுக்குக்கூடவா?"

மின்விசிறி சுற்றியது. கீழே காய்கறி வண்டியில் ஒலிபெருக்கி விலை சொல்லிக்கொண்டு போனது. எழுந்து போய் ஓட்டலில் அறை எடுக்கலாமா என்று நான் யோசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

கடைசியில் நான்தான் சொன்னேன். "எனக்குப் பசிக்குது. தாஸ் அண்ணன் கடைக்குப் போலாமா?"

"அங்க இப்ப ஒண்ணும் சரியில்ல."

"பரவால்ல."

6

ஆட்டோவில் போனோம். பட்டாபிராமில் வண்டி நின்ற இடத்துக்கு எதிரிலேயே கடை. தாஸ் அண்ணன் இல்லை, மகன் பெரிய கம்பெனி ஒன்றுக்கு உரிமை கொடுத்துவிட்டாராம். கண்ணாடிக் கதவு, மஞ்சள் விளக்கு, ஆங்கிலத்தில் பெயர். வாணலியும் கரண்டியும் அடித்துக்கொள்ளும் சத்தம் தெருமுனைவரை கேட்குமே, அது கேட்கவில்லை. மேசையில் ஒரு கியூஆர் கட்டம் ஒட்டியிருந்தது. அதைக் கைபேசியால் படம் பிடித்துத்தான் சொல்ல வேண்டுமாம். என் கனடா எண்ணுக்கு அது அனுப்பிய ரகசிய எண் வரவில்லை. சேகரின் கைபேசி, செயலியைப் புதுப்பித்தால்தான் திறப்பேன் என்றது. அது புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சின்ன வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"முன்னாடில்லாம், 'அண்ணே, ஒரு முட்டை'ன்னா போதும்" என்றான் சேகர். யாரிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னான்.

முட்டை நூடுல்ஸ் 'கிளாசிக்' என்ற தலைப்புக்குக் கீழே இருந்தது. ஒரு கிண்ணம்தான், பெரியது இல்லை. ஸ்பூன் தனியாகக் கேட்க வழியில்லை. இரண்டு கிண்ணம் போட்டான்.

காத்திருக்கும்போது எனக்குத் தோன்றியது. "இப்ப ஒரு படம் போடு" என்றேன்.

"எதுக்கு?"

"போடுடா."

கண்ணாடிக் கதவைப் படம் எடுத்துப் போட்டான். நான் என் கைபேசியைத் திறந்து மேசையில் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். ஒரு பெண் ஆடினாள். விரலால் தள்ளினேன். ஒருவன் தர்பூசணியில் மீன் செதுக்கினான்.

"இது யாரு?" என்றான் சேகர்.

"தெரியாது."

அடுத்தது குளிர்கால டயர் விளம்பரம். அடுத்தது மீசை வைத்த ஒருவர் பிரெஞ்சில் ஏதோ கோபமாகச் சொன்னார்.

"இவன்?"

"இவனையும் தெரியாது."

அவன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். என் கையைத் தள்ளிவிட்டுத் தானே தள்ளத் தொடங்கினான். பூனை வந்தது. முகப்பூச்சு வந்தது. வீடு கட்டுகிறவர்கள், வீடு இடிக்கிறவர்கள், மறுபடி ஆடுகிற பெண். நான் சும்மா இருந்தேன். அவன் விரல் வேகமாகப் போய், பிறகு மெதுவாகி, ஒரு இடத்தில் நின்றது.

"எவன் எவனையோ காட்டுது" என்றான். "உன் கூடப் பொறந்தவன் பக்கத்துல ஒக்காந்துகினு கீறேன். என்னியக் காட்ல."

கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"நீ என்னைத் தூக்கிட்டேன்னு நான் நெனச்சேன்" என்றேன்.

"தூக்குறதா? எத்த?"

"உன் லிஸ்ட்டுலேர்ந்து என்னை."

"அத்தெல்லாம் எப்டின்னே எனுக்குத் தெரியாதுக்கா."

நான்கு வருடத்தில் முதல் தடவையாக அக்கா என்றான். அவன் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. நான் தண்ணீர் குடித்தேன்.

கிண்ணங்கள் வந்தன. மூடியைத் திறந்தோம். ஒரு வாய் எடுத்து வைத்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். இனித்தது. முட்டை நூடுல்ஸில் சர்க்கரை.

சேகர் கோலைத் தட்டி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான். சீருடை போட்ட, முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் வந்தாள்.

"இன்னாம்மா இது, பாயாசமா?"

"சாஸ் மாறிடுச்சு சார். எல்லா பிராஞ்சுக்கும் ஒரே சாஸ்தான் இப்ப. மேல இருந்தே வருது."

"மொளகு கொஞ்சம் தூக்கலா போட்டு வேற குடு."

"அப்டி ஆப்ஷன் இல்ல சார். ஆப்ல கம்ப்ளெய்ன்ட் போடுங்க, கண்டிப்பா பாப்பாங்க."

சேகர் என்னைக் காட்டினான். "கம்ப்ளெய்ன்டா? எங்க அக்காவுக்கு அதான் வேலை. கனடால. அதுக்கிட்டயே கேளு."

அந்தப் பெண் நிஜமான ஆர்வத்தோடு என்னைக் கேட்டாள். "அங்கல்லாம் கம்ப்ளெய்ன்ட் போட்டா சரி பண்ணிடுவாங்களா மேடம்?"

"மாட்டாங்கம்மா. ரொம்ப நன்றின்னு பதில் வரும்."

அவள் சிரித்துவிட்டாள். உள்ளே போய், யாருக்கும் தெரியாமல் ஒரு சிறு கிண்ணத்தில் மிளகுத்தூள் கொண்டுவந்து வைத்தாள். சமையலறையில் அவர்கள் சாப்பாட்டுக்கு வைத்திருந்ததாம். அதைக் கொட்டிக் கிளறினோம். நன்றாக இல்லை. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

"ஊட்டு விஷயம்..." என்று சேகர் ஆரம்பித்தான்.

"இன்னொரு நாள் பேசலாம்" என்றேன். அதைப் பற்றி எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. அவனுக்கும் அவன் பக்கத்து நியாயம் இருக்கிறது. ஒரு கிண்ணம் நூடுல்ஸில் தீருகிற விஷயம் இல்லை. அந்தப் பத்து நாளில் அதைப் பேசவும் இல்லை. அவனைக் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன், மாலாவோடு பூந்தமல்லியில் துணி எடுத்தேன். நான் ஊருக்குக் கிளம்பும் அன்றுதான் மாலா என்னிடம் பழையபடி பேசினாள்.

7

இங்கே திரும்பிய பிறகு அந்தச் செயலியை எடுத்துவிட்டேன். சேகரும் எடுத்துவிட்டான். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வது என்று பேசிவைத்துக்கொண்டோம். எனக்குக் காலை, அவனுக்கு இருட்டத் தொடங்கும் நேரம்.

சொல்வது எளிதாக இருந்தது. முதல் ஞாயிறு அவன் அழைத்தான்.

"சாப்ட்டியா?"

"ஆச்சு. நீ?"

"இனிமேதான்."

பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நான்கு வருடம் இதயக்குறியோடு இருந்தவர்களுக்கு வாய்ப்பேச்சு கைவரவில்லை. படத்துக்கு ஒரு அழுத்து அழுத்தினால் கடமை முடிந்தது. இதில் அடுத்த வாக்கியம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது. அந்த நிறுவனம் எங்களைக் கெடுத்தது செயலியை மாற்றிய பிறகா, மாற்றுவதற்கு முன்பேயா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. "சரி, வெச்சிடுறேன்" என்று அவன் வைத்துவிட்டான். அடுத்த வாரமும் அப்படித்தான்.

மூன்றாவது வாரம் அவன் வெளியே நடக்கும்போது கூப்பிட்டான். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், சும்மா நடப்பது போர் அடிக்கிறது என்றான். பைக்கெல்லாம் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. யாரோ, "இன்னா சேகரு, காலு எப்டி கீது?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பேச ஒன்றும் இல்லாதபோது அவன் நடப்பது மட்டும் கேட்டது. கோல் ஒரு சத்தம், இடது கால் ஒரு சத்தம், வலது காலை இழுத்து வைக்கிற சத்தம், பிறகு கொஞ்சம் இடைவெளி. நான் வைக்கச் சொல்லவில்லை, அவனும் வைக்கவில்லை. நான் இங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டு கேட்டேன்.

அதிலிருந்து ஞாயிறு என்றால் அவன் நடப்பான், நான் கேட்பேன். நடுவில் பேச்சும் வர ஆரம்பித்தது. கிடங்கில் மறுபடி சேர்த்துக்கொண்டது, லிஃப்ட் குழியில் நாய் குட்டி போட்டது, இனியா கல்லூரிக்கு வேறு ஊர் போகப்போவதாகச் சொல்வது. வீட்டைப் பற்றியும் ஒருநாள் பேசினோம். சத்தம் போட்டுத்தான் பேசினோம். அடுத்த ஞாயிறும் போன் வந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அழைத்தான். வழக்கம்போல் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"என்னடா?" என்றேன்.

"பேசாத. கேளு" என்றான்.

குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டேன். செருப்புச் சத்தம், பிறகு இன்னொரு செருப்புச் சத்தம். இரண்டும் ஒரே மாதிரி இல்லை, ஒன்று கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. நடுவில் கோல் இல்லை. அவன் தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தான்.

"கேட்டுச்சா?" என்றான்.

"கேட்டுச்சுடா" என்றேன்.